செல் வளர்ந்துகொண்டே போகாமல் ஏன் இரண்டாகப் பிரிகிறது?

உடல் வளர்ச்சியின்போது ஒரு செல் தன் டி.என்.ஏ.வை இரட்டித்துக்கொண்டு, ஒரே மரபுச் செய்தியைக் கொண்ட இரண்டு சேய்ச் செல்களாவதே செல் பிரிதல். இதற்கான முக்கியக் காரணம் வளர்சிதை மாற்றத்தில், அதாவது செல் தன்னை வாழவைத்துக்கொள்ள நடத்தும் வேதிவினைகளில், இருக்கிறது: ஆக்சிஜனும் குளுக்கோஸும் உள்ளே வருவதும் கழிவுகள் வெளியேறுவதும் செல்லைச் சூழ்ந்த மெல்லிய உறையான செல்சவ்வின் வழியாகவே நடக்கின்றன. செல்லை 1 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பக்கமுள்ள கனசதுரமாகக் கொள்வோம்; அது 2 மைக்ரோமீட்டராக வளர்ந்தால், அதன் மேற்பரப்பு 6-லிருந்து 24 சதுர மைக்ரோமீட்டர் ஆகி நான்கு மடங்காகும்; கன அளவோ எட்டு மடங்காகிவிடும். கூட்டம் எட்டு மடங்கு பெருகிய மண்டபத்தில் வாசல்கள் நான்கு மடங்கு மட்டுமே கூடினால் நெரிசல் ஏற்படுவதைப் போல, பெருத்த செல்லின் நடுப்பகுதிக்குத் தேவையானவை உரிய நேரத்தில் போய்ச் சேராது. இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொரு சேய்ச் செல்லும் சிறியதாகி, கன அளவுக்கு ஏற்ற மேற்பரப்பை மீண்டும் பெறுகிறது. குடலின் உறிஞ்சும் செல்கள் நுண்விரல்களை நீட்டி மேற்பரப்பைக் கூட்டிக்கொள்வது இதே நெருக்கடிக்கு உயிர் கண்ட அழகான தீர்வு.

யானையின் செல்கள் எலியின் செல்களைவிட மிகப் பெரியவை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இரண்டிலும் பெரும்பாலான செல்கள் ஏறக்குறைய ஒரே அளவுடையவை, எண்ணிக்கைதான் வேறுபடுகிறது.