பெயிண்ட் கடைசி வேலை

தம்பி, குடிவந்த வீட்டில் துருப்பிடித்த பழைய விறகு அடுப்பு ஒன்று இருக்கிறது, கறுப்பு பெயிண்ட் அடித்து இந்தக் குளிருக்கே எரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எரிக்கலாம். ஆனால் பெயிண்ட் வாங்க இப்போதே ஓடாதீர்கள். சன்னலைத் திறந்துபோட்டே வளர்ந்த நமக்கு, அடைத்த வீட்டுக்குள் தீயை வைத்துக்கொண்டு தூங்கிப் பழக்கமில்லை. வந்த புதிதில் நானும் துருவைத்தான் பார்த்தேன், புகை போகும் வழியைப் பார்க்கவில்லை.

இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, எரியும் டார்ச் லைட் ஒன்றை அடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். சுற்றிவந்து பாருங்கள். என் அடுப்பில் பின்தகடு சேரும் மூலையில், தலைமுடி கனத்தில் ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. பகலில் அதே இடத்தை எத்தனையோ முறை தடவியும் கைக்கு அகப்படவில்லை. இப்படித் தகடுகள் சேரும் இடத்து இடைவெளி என்றால், சூடு தாங்கும் அடுப்பு சிமென்ட் வைத்து அடைக்கலாம். வார்ப்பிரும்பே விரிசல் விட்டிருந்தால் சிமென்ட் தாங்காது, அந்தப் பாகத்தையே மாற்றவேண்டும்.

அப்புறம் கதவின் ஓரத்தில் பதிந்திருக்கும் தடித்த கயிறு. இடையில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கயிறு நைந்துவிட்டது. மிகப் பழைய அடுப்பு என்றால் அந்தக் கயிற்றில், தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தயவுசெய்து சுரண்டாதீர்கள், அந்த வேலை தெரிந்தவரை அழைத்துச் சோதித்து எடுக்கச் சொல்லுங்கள். புதிதாகக் கண்ணாடியிழைக் கயிறு போடலாம்.

புகைக்குழாயை ஆள்வைத்துச் சுத்தம் செய்துவிடுங்கள். விறகுப் புகையால் உள்ளே படிந்த கரித்தார் தீப்பிடித்தால் வீடு மிஞ்சாது. வாசனையே இல்லாத நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு கசிந்தால் எச்சரிக்கும் அலாரமும் மாட்டிவிடுங்கள்.

சரி, இனி பெயிண்ட். முகமூடி போட்டுக்கொண்டு, இரும்பு தெரியும்வரை கம்பி பிரஷால் துருவைத் தேயுங்கள். அசிட்டோனால் துடையுங்கள், கைவிரல் எண்ணெய் ஒட்டியிருந்தாலும் பெயிண்ட் உரியும். சாதாரண பெயிண்ட் ஆகவே ஆகாது. அடுப்புக்கென்றே வரும், ஏறக்குறைய 650 டிகிரி செல்சியஸ் தாங்கும் ஸ்ப்ரே வேண்டும். கதவில் கண்ணாடி இருந்தால் அதையும் கயிற்றையும் மறைத்துவிட்டு மெல்லிசாக இரண்டு தரம் அடித்தால் போதும்.

தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் அது இறுகுவது தீயில்தான். முதலில் சின்னத் தீ, அரை மணி நேரம். முழுக்க ஆறவிட்டு இரண்டாவது தீயைக் கொஞ்சம் கூட்டுங்கள். மூன்றாவதில்தான் நன்றாக எரியவிடவேண்டும். முதல் தடவை அடுப்பின் மேல்புறத்திலிருந்தே புகை கிளம்பும், வாடை மூக்கைத் துளைக்கும். சன்னல்களைத் திறந்தே ஆகவேண்டும், குழந்தைகள் அந்த நேரம் வீட்டில் இருக்கக்கூடாது. பனி விழுமுன் வேலையை முடித்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இன்று இரவே டார்ச்சை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, படம் எடுத்து அனுப்புங்கள். சிமென்ட் போதுமா, தகடு மாற்றவேண்டுமா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.