கபடியில் கத்துகிறார்கள், கேட்டால் பேசுவதில்லை

எட்டாம் வகுப்பில் கபடி ஆடும்போது தொண்டை கிழியக் கத்தும் பிள்ளைகள், விதியைச் சொல்லச் சொன்னால் ஊமையாகிறார்களா? ஆட்டம் முடிந்து கேட்காதீர்கள். நடக்கும்போதே பேச விடுங்கள். அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் வர்ணனையைக் கொடுங்கள். ஒரு ரெய்டு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போய்த் திரும்புவது, 30 விநாடிதான். "கார்னர்காரன் காலைப் பிடிச்சிட்டான், கோட்டுக்கு ஒரு சாண்தான்..." என்று தானாக வரும்.

கேட்டால் ஊமையாவதற்குக் காரணம் பெரும்பாலும் கூச்சம் இல்லை. வரிசையில் நிறுத்திக் கேட்டதும் பாடப்புத்தகத் தமிழில் சொல்ல வேண்டுமோ என்று திணறுகிறார்கள்.

சோதிக்க: தாமதமாக வரும் ஒருவனுக்கு போனஸ் கோடு எதற்கென்று இன்னொருவனை விளக்கச் சொல்லிவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுங்கள். சரளமாகப் பேசினால் சிக்கல் அவனிடம் இல்லை, விசிலோடு நின்று நாம் கேட்கும் விதத்தில்தான்.

ரெய்டு முடித்து மூச்சு வாங்குபவனைப் பேச வைக்காதீர்கள். நடுவில் உச்சரிப்பைத் திருத்தினால் அடுத்த வாரம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.