அளக்கத் தெரிந்தவர் அளக்கட்டும்

கேள்வி: எனக்கு 41 வயது. குலசேகரம் பக்கம் ஊர். மார்புப் புற்றுநோய்க்காகத் திருவனந்தபுரத்தில் இடது மார்பை எடுத்துவிட்டு, என் அடிவயிற்றுச் சதையை வைத்தே புது மார்பு செய்தார்கள். மூன்று வாரம் ஆகிறது. இன்னும் குனிந்துதான் நடக்கிறேன். புது மார்பைத் தொட்டால் ஒரு உணர்ச்சியும் இல்லை. 'பிள்ளை பெத்து வளத்தாச்சு, இனி இது எதுக்கு' என்கிறார் மாமி. வயிற்றுக் காயத்தின் நீர் குப்பியில் வடிவதற்கு ஒரு ட்யூப் இன்னும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு படிக்கும் மகள்தான் காலையிலும் ராத்திரியும் குப்பியைத் திறந்து அளந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறாள், நல்ல பிள்ளை. வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டு. அவியளுக்கு இதெல்லாம் பார்க்க மனசு தாங்காது. நான் எப்போது பழையபடி ஆவேன்? இந்த ஆபரேஷனுக்கு ஆசைப்பட்டது தப்போ?

பதில்: பழையபடி ஆக மாட்டீர்கள். இதை ஆபரேஷனுக்கு முன்பே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோடு எடுத்து, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து, நெஞ்சில் இருக்கும் குழாயோடு தைக்கிற வேலை இது. ரத்த ஓட்டத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். உணர்ச்சி நரம்பு அறுந்தது பெரும்பாலும் அறுந்ததுதான். மாதங்கள் போகப் போக ஓரளவு திரும்பலாம், முழுசாகத் திரும்பாது. அதனால் அந்த இடத்தில் சூடு வைக்கவே கூடாது. வெந்நீர்ப் பை, துணி ஒத்தடம் என்று யார் அன்போடு வந்தாலும் விடாதீர்கள். வெந்து கொப்பளித்தாலும் உங்களுக்குத் தெரியாது. வயிற்றுத் தையலைச் சுற்றி மரத்திருக்கும் இடத்துக்கும் இதேதான்.

குனிந்து நடப்பது, ஒரு பக்க இடுப்பிலிருந்து மறு பக்கம் வரை தோலை இழுத்துத் தைத்ததால். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நிமிர வேண்டிய நேரம் இது. கொஞ்சம்கூட நிமிர முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சாதாரணமாக ஆறு வாரம் வரை கனமான எதையும் தூக்க விட மாட்டார்கள். தண்ணீர்க் குடமும் அதில் சேர்த்தி, கிணற்றில் தண்ணீர் கோருவதும் சேர்த்தி. அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. வீட்டுக்குள்ளாவது நடக்காவிட்டால் கால் குழாயில் ரத்தம் உறைந்துவிடலாம்.

ஆசைப்பட்டது தப்பா என்றால், தப்பில்லை, அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. மாமிக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மண்ணில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்வதற்கே அடிபட்டார்கள். அப்போது உங்கள் ஊரையும் ஆண்ட திருவிதாங்கூர் மகாராஜா அதற்கு அனுமதி கொடுத்து உத்தரவு போட 1859 வரை ஆனது. நம் மார்பு எப்படி இருக்க வேண்டும் என்று அடுத்தவர் சொல்கிற காலம் அதோடு போகட்டும். மாமி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. மூன்று வாரமாக உங்கள் அடுக்களையில் நிற்கிறவர் அவர்.

சரி, அந்தக் கணக்கு நோட்டுக்கு வருகிறேன்.

நீங்கள் அதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படித்ததும் கோபம்தான் வந்தது. அந்தக் குப்பி வேலை என்னவென்று யோசித்தீர்களா? கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மூடியைத் திறந்து ஊற்றி அளக்க வேண்டும். பிறகு குப்பியை நசுக்கிப் பிடித்துக்கொண்டே மூடியை அடைக்க வேண்டும், இல்லையென்றால் அது உறிஞ்சாது. அளவு பொதுவாக ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கி அப்படியே நின்றால்தான் ட்யூப்பை எடுப்பார்கள். ஆகவே அவள் எழுதுகிற எண்ணை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுக்கிறார். நிறத்தையும் பார்க்க வேண்டும். சிவப்பு வெளுத்து, மஞ்சளாகித் தெளிய வேண்டியது, ஒரு நாள் திடீரென்று புது ரத்தமாக வந்தால் அந்தப் பிள்ளை யாரிடம் ஓடும்? அப்பா தோட்டத்தில் இருப்பார். பாட்டி 'இது எதுக்கு' என்று கேட்டுக்கொண்டிருப்பார். அம்மாவின் உடம்பிலிருந்து வடிவதை அளந்து எழுதிவிட்டு, அதே நோட்டைத் திருப்பிப் போட்டு அல்ஜீப்ரா போடுகிறாள் பொதுத்தேர்வு எழுதப்போகிற பிள்ளை. ராத்திரி தூக்கம் வருகிறதா என்று அவளிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா?

அவருக்கு மனசு தாங்காதாம். உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் பால்வெட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருட்டில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, பட்டையை மயிரிழை கனத்துக்குச் சீவுகிற கை அது. கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கித் தடியைத் தொட்டால் மரத்தில் முண்டு விழும் என்று தெரிந்த கை. எந்த மரத்தில் நேற்றைவிடப் பால் குறைந்தது என்று சிரட்டையைப் பார்த்தே சொல்வார். காயத்திலிருந்து வடிவதை அளப்பதற்கு இந்த மாவட்டத்திலேயே அவரைவிடப் பழக்கப்பட்ட ஆள் கிடையாது. அவரை விட்டுவிட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளையை வைத்திருக்கிறீர்கள்.

இதில் அவரை மட்டும் திட்ட மாட்டேன். மனசு தாங்காது என்று அவர் சொன்னாரா, நீங்களே அவருக்காகச் சொல்லிக்கொண்டீர்களா? கடிதத்தில் அது தெளிவாக இல்லை. எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று படுகிறது. எத்தனையோ கடிதங்களில் பார்த்துவிட்டேன். ஆணுக்குக் கஷ்டம் தெரியக் கூடாது என்று கதவைச் சாத்துவது, பிறகு அவர் எட்டிப் பார்க்கவே இல்லை என்று அழுவது. புருஷன் பார்த்துவிட்டால் வெறுத்துவிடுவாரோ என்ற பயமும் உள்ளே இருக்கும். தினமும் தையலைப் பார்க்கிறவருக்கு அது பத்து நாளில் பழகிவிடும். பார்க்காதவர்தான் மனசுக்குள் எதையாவது பெரிதாக நினைத்துக்கொண்டு ஒதுங்கிப் படுப்பார்.

பெற்றவர்களைப் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும் என்று நம்புகிறவள் நான். அதில் பழைய ஆள்தான், மாற மாட்டேன். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. கணவன் திடமாக நடமாடுகிற வீட்டில் முதல் முறை அவனுடையது. நீங்கள் கிறிஸ்தவக் கோயிலில் கல்யாணம் பண்ணியவர்களாக இருந்தால் 'உடல்நலத்திலும் நோயிலும்' என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருப்பார். வேறு முறையில் பண்ணியிருந்தாலும் கடமை ஒன்றுதான். மகள் கஞ்சி கொண்டுவரட்டும், தலை வாரிவிடட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பேசட்டும். குப்பியை அவள் இனித் தொடக் கூடாது.

இன்றைக்கு ராத்திரியே அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் செய்துகாட்டுங்கள். கெஞ்ச வேண்டாம். 'இதை இனி நீங்க பாருங்க, பிள்ளை படிக்கட்டும்' என்றால் போதும். காலையில் வெட்டுக்குப் போகும் முன் ஒன்று, ராத்திரி ஒன்று. கை நடுங்கினால் நடுங்கட்டும், இரண்டு நாளில் சரியாகிவிடும். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் அவரிடமே சொல்லி வையுங்கள். மார்புத் தோல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், திடீரென்று வீங்கினால், காய்ச்சல் வந்தால், தையல் சிவந்து நாற்றம் எடுத்தால், கெண்டைக்கால் வலித்து வீங்கினால், மூச்சு வாங்கினால், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அப்போதே வண்டி பிடிக்க வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் அவருக்கு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் உங்கள் பக்கத்தில் வைத்துப் பிடிக்க வேண்டாம். அந்தப் புகை ரத்தக் குழாயைச் சுருக்கும்.

அடுத்த முறை திருவனந்தபுரம் போகும்போது வெளியே டீக்கடையில் நிற்காமல் டாக்டர் அறைக்குள் அவரும் வரட்டும். அளவு எழுதிய தாளை அவரே நீட்டட்டும். இடது கையை எவ்வளவு தூக்கலாம், வயிற்றுப் பெல்ட்டை எப்போது கழற்றலாம் என்று அவரே கேட்கட்டும். உங்கள் வயதில் நோய் வந்ததால் மரபணுப் பரிசோதனை தேவையா என்பதையும் இரண்டு பேருமாகக் கேளுங்கள், அது மகளுக்கும் சேர்த்துத் தெரிய வேண்டிய விஷயம். ஒரு நாள் வெட்டு போய்விடும் என்பாராக இருக்கும். மழைக்கு எத்தனை நாள் போயிருக்கிறது என்று கேளுங்கள்.