குண்டு மிளகாய் விதைக்குள் சம்பா எப்படி வந்தது?

கேள்வி: "ஐயா, எங்களுக்கு ராமநாதபுரம் கடலோரத்தில் திருப்பாலைக்குடிக்குப் பக்கத்தில் மானாவாரிப் புஞ்சை இருக்கிறது. என் மாமியார் காலத்திலிருந்து சொந்த விதையில்தான் குண்டு மிளகாய் போடுகிறோம். போன வருசம் பக்கத்துப் புஞ்சைக்காரர் நீளமாகக் காய்க்கும் சம்பா மிளகாய் போட்டார். அந்த வருசம் எங்கள் பழமெல்லாம் நல்ல உருண்டையாகத்தான் இருந்தது, களத்தில் காய்ந்த வத்தலில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கித்தான் விதைக்கு எடுத்தோம். இந்த வருசம் அங்கங்கே சில செடியில் குண்டும் இல்லாமல் நீளமும் இல்லாமல் நடுவாந்திரமாகக் காய்க்கிறது. மொத்தத்தில் காரமும் குறைச்சல். பக்கத்துச் சம்பாதான் காரணம் என்கிறார் மாமியார். போன வருசம் பழம் உருண்டையாகத்தானே இருந்தது, மண்ணும் மழையும்தான் காரணம் என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி? இந்த விதையை விட்டுவிட வேண்டியதுதானா?"

வடிவத்தைப் பொறுத்தவரை உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. காரத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரியாக இருக்கும், அதை வயலிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, சொல்கிறேன். விதையை விட்டுவிடாதீர்கள். இத்தனை வருடம் உங்கள் மண்ணிலேயே பழகிய விதை போனால் திரும்பக் கிடைக்காது, உங்கள் விதையைச் சுத்தப்படுத்தவே முடியும்.

முதலில் வீட்டுக்காரரின் சந்தேகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது ரொம்ப நியாயமான சந்தேகம். பக்கத்து மகரந்தம் வந்து விழுந்திருந்தால் அந்த வருடமே பழம் நீண்டிருக்க வேண்டாமா? நீளாது. மிளகாய்ப் பழத்தின் தோல், சதை, உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெளிர்நிறச் சவ்வு எல்லாமே பூவின் சூலகம் பெருத்து உண்டானவை, அதாவது முழுக்க முழுக்கத் தாய்ச் செடியின் உடம்பு. வெளியிலிருந்து வந்த மகரந்தத்தின் மரபணு போய்ச் சேருவது விதைக்குள் இருக்கும் கருவிலும் அதற்கு உணவு தரும் திசுவிலும் மட்டும்தான். அதனால் சம்பா மகரந்தம் விழுந்த பழமும் போன வருடம் அச்சு அசல் குண்டாகவே இருந்திருக்கும், அதன் வத்தலும் குண்டாகவே இருந்திருக்கும். நீங்கள் களத்தில் எவ்வளவு கவனமாகப் பொறுக்கியிருந்தாலும் கலப்பு கண்ணில் படாது. பழத்தைப் பார்த்து விதை எடுத்தால் தாய் யார் என்று மட்டும்தான் தெரியும், தகப்பன் யார் என்று தெரியாது. உங்கள் விதையில் வந்த சிக்கலுக்கு வேர் இதுதான்.

மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளக்கூடியதுதான், ஆனாலும் பிற மகரந்தம் வரக் கதவு திறந்தே கிடக்கிறது. காலையில் ஒரு பூவைக் கிட்டத்தில் பாருங்கள்: ஐந்தாறு வெள்ளை இதழ், நடுவில் ஊதாவும் நீலமும் கலந்த மகரந்தப் பைகள், அவற்றுக்கு நடுவில் சூல்முடி எட்டிப் பார்க்கும். பூ விரிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தப் பைகள் வெடித்துப் பொடி உதிரும். சூல்முடியோ அதற்கு முன்பே மகரந்தத்தை வாங்கத் தயாராக இருக்கும். இந்த இடைவெளியில் தேனீயோ எறும்போ வேறு செடியின் பொடியோடு வந்தால் முடிந்தது கதை. நம் நாட்டு விதைச் சான்று விதிகளில் மிளகாய்க்கு மற்ற ரகத்திலிருந்து ஆதார விதை (சான்று விதையைப் பெருக்க எடுக்கும் மூல விதை) வயல் 400 மீட்டரும் சான்று விதை வயல் 200 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். வரப்புக்கு அந்தப் பக்கம் சம்பா இருக்கும்போது நமக்கு அந்தத் தூரம் கிடையாது. பக்கத்துக்காரர் மேல் கோபப்பட்டும் பயனில்லை, அவர் நிலத்தில் அவர் போட்டது அவர் பயிர்.

சரி, இப்போது அந்த நடுவாந்திரச் செடிகள். மிளகாய்க்கு 12 ஜோடி குரோமோசோம், அதாவது செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. உங்கள் வயலில் நிற்கும் நடுவாந்திரச் செடியில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று குண்டுடையது, மற்றது சம்பாவுடையது. பழத்தின் வடிவத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பதால் இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறது. எல்லாக் குணமும் இப்படி நடுவில் நிற்பதில்லை. பழுத்த நிறத்தில் சிவப்பு மஞ்சளை அமுக்கிவிடும், காய் தொங்கும் குணம் வானம் பார்த்து நிற்கும் குணத்தை அமுக்கிவிடும். அமுங்கினது அழிந்துவிடாது, ஒரு தலைமுறை மறைந்திருந்து அடுத்ததில் நாலில் ஒரு செடியில் தலைகாட்டும். மெண்டல் பட்டாணிச் செடியில் பார்த்து 1866-ல் அச்சிட்ட கணக்கு இதுதான்.

இந்த வருடத்தை விட அடுத்த வருடம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்த நடுவாந்திரச் செடி தன் மகரந்தத்தையும் சூலையும் உண்டாக்கும்போது ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றை மட்டும்தான் அனுப்பும், எதை அனுப்பும் என்பது ஒவ்வொரு முறையும் குலுக்கல். 12 ஜோடிக்கு 4,096 விதமான சேர்க்கை வரலாம். அது போக, பிரிவதற்கு முன்னால் ஜோடிக் குரோமோசோம்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, நேருக்கு நேரான இடத்தில் முறிந்து, துண்டை மாற்றிக்கொண்டு மறுபடி இணையும். குரோமோசோம் உண்மையாகவே துண்டு மாறுகிறது என்பதை ஹேரியட் கிரைட்டனும் பார்பரா மெக்கிளின்டாக்கும் மக்காச்சோளத்தில் 1931-ல் நிரூபித்தார்கள். அருகருகே இருக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் சேர்ந்தே போகும், தள்ளி இருப்பவை பிரிந்துவிடும். இதனால் விவசாயிக்கு வரும் தொல்லை என்னவென்றால், அடுத்த வருடம் பழம் உருண்டையாக வந்த செடியிலும் மற்ற குணங்கள் குண்டுடையவையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. உருண்டைப் பழத்தோடு சம்பாவின் தோலும் சம்பாவின் வறட்சி தாங்கும் தன்மையும் சேர்ந்து வரலாம். ஆகவே விதைச் செடி தேர்ந்தெடுக்கும்போது பழத்தை மட்டும் பார்க்காமல் கிளைக்கும் விதம், இலை, தோலின் மினுமினுப்பு, நிறம், காம்பு எல்லாவற்றையும் உங்கள் மாமியார் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். பழைய குண்டுச் செடி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

அப்புறம் காரம். இதில் ஆட்கள் நினைப்பதற்கும் நடப்பதற்கும் தூரம் அதிகம்.

ஒரு குண்டு மிளகாயை நெடுக்காகக் கீறி உள்ளே பாருங்கள். விதைகள் தொங்கும் அந்தச் சவ்வின் மேல் மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாக மினுங்கும். காரத்தைத் தரும் காப்சைசின் அங்கேதான் உற்பத்தியாகிறது. விதையில் காரம் இருப்பதாக எல்லோரும் சொல்வார்கள், விதைக்கு அது ஒட்டிக்கொண்டு வருவதுதான். காப்சைசின் உண்டாக அவசியமான பன்1 என்ற மரபணுவை 2005-ல் அடையாளம் கண்டார்கள், அது இரண்டாம் குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணு வேரிலும் இருக்கிறது, இலையிலும் இருக்கிறது, பூவிதழிலும் இருக்கிறது, ஏனென்றால் ஒரு செடியின் எல்லாச் செல்லுக்கும் மரபணுத் தொகுப்பு ஒன்றுதான். மிளகாயின் முழுத் தொகுப்பை 2014-ல் படித்து முடித்தபோது சுமார் 35,000 மரபணுக்கள் தெரிந்தன, டி.என்.ஏ. எழுத்துக் கணக்கில் அந்தத் தொகுப்பு மனிதனுடையதை விடப் பெரியது. இத்தனை மரபணுவும் எல்லாச் செல்லிலும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. எந்தச் செல்லில், எந்த வயதில், எந்தச் சூழ்நிலையில் எது வேலை செய்ய வேண்டும் என்பதற்குத் தனி ஏற்பாடு இருக்கிறது: மரபணுவுக்கு முன்னால் இருக்கும் பகுதியில் சில புரதங்கள் வந்து உட்கார்ந்தால்தான் அது படியெடுக்கப்படும், உட்காராவிட்டால் சும்மா கிடக்கும். பன்1 அந்தச் சவ்வின் மேல்தோல் செல்லில் விழித்துக்கொள்கிறது, இலையில் தூங்குகிறது. பூ விரிந்து மூன்று வாரம் போல ஆன பிறகுதான் காரம் ஏறத் தொடங்கும். எவ்வளவு ஏறும் என்பதில் வெயில், இரவு வெப்பம், தண்ணீர், ஊட்டச்சத்து எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. பல ரகங்களில் காய் முற்றும் சமயம் தண்ணீர் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் காரம் கூடுகிறது. தை, மாசியில் தவறி ஒரு மழை பெய்து கரிசல் ஈரம் பிடித்துக்கொண்டால் காரம் இறங்குவதற்கு அதுவே காரணமாகலாம். அங்கே மரபணு மாறவில்லை, அது வேலை செய்யும் அளவுதான் மாறுகிறது, அதனால் அடுத்த வருடம் வெயில் சரியாக அடித்தால் அதே விதை பழைய காரத்தைக் காட்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். சம்பாவும் காரமான மிளகாய்தான். இரண்டு பக்கத்திலும் பன்1 நல்ல நிலையில் இருக்கிறது, எனவே சம்பா கலந்ததால் மட்டும் காரம் அற்றுப்போக வழியில்லை, கூடக்குறைய ஆகலாம், அவ்வளவுதான். குடைமிளகாய் கலந்திருந்தால் கதை வேறு. குடைமிளகாயில் அந்த மரபணுவின் ஒரு பகுதியே இல்லை, கலந்த முதல் தலைமுறை காரமாக இருந்து, அடுத்ததில் நாலில் ஒரு செடி காரமே இல்லாமல் காய்க்கும்.

மண்ணா விதையா என்று பார்க்கும் சோதனை இது. நல்ல உருண்டைச் செடியாக ஒரு பத்தும், நடுவாந்திரச் செடியாக ஒரு பத்தும் எடுத்துக்கொண்டு, ஒரே நாளில் பழுத்த பழத்தை ஒவ்வொன்றிலும் பறித்து, அந்தச் சவ்வில் ஒரு கிள்ளு மட்டும் நாக்கில் வையுங்கள். நடுநடுவே மோர் குடித்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது பழத்துக்கு மேல் நாக்கு எதையும் சொல்லாது. ஒரே நாளில் முடிக்கவும் வேண்டாம். எல்லாச் செடியிலும் ஒரே மாதிரி காரம் இறங்கியிருந்தால் மழையும் மண்ணும்தான். ஒரு செடி சுள்ளென்றும், அதே ஈரத்தில் பக்கத்தில் நிற்கும் செடி சப்பென்றும் இருந்தால் விதையில் விஷயம் இருக்கிறது.

இனி விதையைச் சுத்தம் செய்வது. சோதனைக்கு வேண்டிய பழத்தைப் பறித்து வைத்துக்கொண்டு, நடுவாந்திரச் செடிகளை இன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். பச்சைக் காய் தேறும்போது பிடுங்க மனசு வராது, ஆனால் அது நிற்கும் ஒவ்வொரு நாளும் அதன் மகரந்தம் உங்கள் நல்ல குண்டுச் செடிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இதுவரை பிடித்த காயெல்லாம் அந்தக் கலப்புக்கு ஆளாகியிருக்கலாம், அவற்றை விற்பனைக்கு மட்டும் வையுங்கள். பிடுங்கின பிறகு வரும் பூவிலிருந்துதான் விதை எடுக்க வேண்டும். அதிலும் நல்ல செடி ஒன்றுக்கு நாலைந்து மொட்டை, விரிவதற்கு முந்தின சாயங்காலம், வெள்ளையாகப் பருத்து நிற்கும்போது பார்த்து, மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுங்கள். பூ உதிர்ந்து பிஞ்சு தெரிந்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். சில மொட்டு உதிரும், அதனால் கூடவே கட்டுங்கள். சிவப்பு நூல் பழம் மட்டும் விதைக்கு.

எத்தனை செடி? ஒன்றிரண்டு அருமையான செடியில் மட்டும் எடுத்துவிடலாம் என்று தோன்றும், அப்படிச் செய்யாதீர்கள். நாட்டு விதை ஒரே அச்சில் வார்த்தது கிடையாது, ஒரு செடி உப்பைக் கூடத் தாங்கும், இன்னொன்று மழை பொய்த்தால் நிற்கும், அந்த வித்தியாசமெல்லாம் சேர்ந்துதான் கடலோர மண்ணில் இந்தப் பயிரை இத்தனை காலம் காப்பாற்றியிருக்கிறது. ஐம்பது செடியாவது வேண்டும். ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனிக் கவரில் போட்டு எண் எழுதுங்கள், ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். இதுதான் முக்கியமான வேலை.

அடுத்த புரட்டாசி, ஐப்பசியில் ஒவ்வொரு கவரிலிருந்தும் இருபது செடி வருகிற மாதிரி ஒரு வரிசை விதையுங்கள், மீதி விதை கவரிலேயே இருக்கட்டும். இரண்டடிக்கு ஒன்றரையடி என்று வைத்தாலும் ஐம்பது வரிசைக்கு ஏழு சென்ட் போதும். எந்த வரிசையில் இருபதும் குண்டாக நிற்கிறதோ அதன் தாய் சுத்தம். ஒரு செடி நீண்டு காய்த்தாலும் அந்தக் கவரை முழுசாக ஒதுக்கிவிடுங்கள். இருபது போதுமா என்று கேட்பீர்கள். நாலில் ஒன்றாக வெளிவரும் மறைந்த குணம் ஒன்று தாயிடம் இருந்து, இருபது செடியில் ஒன்றில்கூடத் தெரியாமல் தப்புவது ஆயிரத்தில் மூன்று முறைதான் நடக்கும். வடிவத்துக்குப் பல மரபணு என்பதால் அந்த அளவு கறாராகச் சொல்ல முடியாது, அதனால்தான் இன்னும் இரண்டு வருடம் இதையே செய்யச் சொல்கிறேன். தேறின கவர்களின் மீதி விதையை ஒன்றாகக் கலந்தால் அதுதான் உங்கள் புது விதை. அந்த வரிசைச் செடிகளின் பழத்தை விதைக்கு எடுக்க வேண்டாம், அவையும் தங்களுக்குள் மகரந்தம் மாற்றியிருக்கும்.

நம் குண்டு மிளகாய்க்கு, ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில், 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி அந்தப் பெயரில் விற்கும்போது வியாபாரியும் வடிவம், நிறம் பார்த்துத்தான் வாங்குவார், அதனால் இந்த ஏழு சென்ட் வேலைக்கு விலையும் கிடைக்கும் என்று நம்புகிறேன். விதைக்கான பழத்தைக் களத்தில் மற்றதோடு போடாமல் நிழலில் தனியாகக் காய வையுங்கள். கடற்காற்றில் ஈரம் ஏறிவிடும், நன்றாகக் காய்ந்த பிறகு கவர்களைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வையுங்கள்.

பக்கத்துக்காரர் அடுத்த வருடமும் சம்பா போடுவதாக இருந்தால், அந்த ஏழு சென்ட்டைச் சம்பாவுக்கு எதிர்மூலையில் வையுங்கள், சுற்றிலும் இரண்டு மூன்று வரிசை சோளம் விதைத்துவிடுங்கள். சோளம் தேனீயை முழுக்கத் தடுக்காது, வரத்தைக் குறைக்கும். விதைக்கான பூவுக்குத் துணிப்பை மட்டும் எந்த வருடமும் தவறக் கூடாது.