மூன்றாவது வரி

அன்புள்ள ஐயா,

எனக்கு 41 வயது. பெங்களூரில் மென்பொருள் வேலை. கல்லூரியில் கிதார் வாசித்தேன், அப்புறம் பதினைந்து வருடம் தொடவில்லை. இரண்டு மாதம் முன்பு நண்பர் ஒருவர் இந்திராநகரில் நடக்கும் ப்ளூஸ் ஜாமுக்கு இழுத்துக்கொண்டு போனார். பெயர் எழுதிக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம். ஏறினேன். கை நடுங்கியது. ஆனால் சோலோ, அதாவது நான் தனியாக வாசிக்கும் இடம், வந்ததும் உள்ளே எதுவோ திறந்துகொண்டது. என் வேருக்குத் திரும்பியது மாதிரி இருந்தது.

எங்கள் குடும்பம் கோலார் தங்கவயல். தாத்தா அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு அப்பா தினமும் ரயிலில் பெங்களூர் வந்து காவலாளி வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தார். ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் என் பாட்டிக்கு 84 வயது, ஒப்பாரி பாடுவாராம். ஒப்பாரிதானே நம்முடைய ப்ளூஸ்?

ஒரு சங்கடம். ப்ளூஸ் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. ஐ.டி. சம்பளம் வாங்கும் நான் இதை வாசிக்கலாமா? கிதாரை மாற்றலாமா, இசைக்கோட்பாடு முறையாகப் படிக்க வேண்டுமா என்றும் சொல்லுங்கள்.

எஸ்., பெங்களூரு

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். ஆம்ப்ளிஃபையர் பற்றிய பதினோரு வரிகள் போய்விட்டன, மன்னிக்கவும். பாட்டியைப் பற்றி இருந்தது ஒரே வரி. அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

வாசிக்கலாமா என்று கேட்கிறீர்கள். வாசியுங்கள், யார் தடுத்தார்கள்? யாரிடமிருந்து வாங்கினோம் என்று மட்டும் தெரிந்திருக்கட்டும். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1943இல் மிசிசிப்பியின் பருத்திக் காட்டை விட்டு சிகாகோ போனார். பகலில் லாரி ஓட்டினார், இரவில் வாசித்தார். மதுக்கடை இரைச்சலில் மரக்கிதார் எடுபடவில்லை, மின்கிதாருக்கு மாறினார். நீங்கள் பதினோரு வரியில் தேடிய அந்தச் சத்தம் இப்படிப் பிழைக்கப் போன இடத்தில் வந்ததுதான். தங்கவயலிலிருந்து மாரிகுப்பம் ரயிலில் வந்து போனவரின் மகனுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கோட்பாடு படிப்பது உங்கள் இஷ்டம்.

ஆனால் ‘ஒப்பாரிதானே நம்முடைய ப்ளூஸ்’ என்ற வரி இருக்கிறதே, அதை எங்கே பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இல்லை. ப்ளூஸ் சனிக்கிழமை ராத்திரி ஆடுவதற்கான இசையாகவும் இருந்தது. வாரம் முழுக்க முதுகு ஒடிய வேலை செய்தவர்கள் குடித்துவிட்டு ஆடினார்கள். நம் சாவு வீட்டில் ஆட்டம் வாசலில், பறையோடு. ஒப்பாரி உள்ளே, பெண்களோடு. ப்ளூஸில் தாளம் தரையைப் பிளக்கும், ஒப்பாரியில் தாளமே கிடையாது, மூச்சுதான் கணக்கு. இரண்டிலும் துக்கம் இருக்கிறது என்பதற்காக ஒன்றாக்கிவிடுவதா? துக்கம் எந்தப் பாட்டில்தான் இல்லை?

சரி, கோபம் போதும். உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் வேறொரு பொதுத்தன்மையை யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பத்து வயதில் பெங்களூர் மர்ஃபி டவுனில் தாத்தா செத்துப்போனார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்து, தலைகளை நடுவில் சாய்த்துக்கொண்டார்கள். ஒருத்தி வரி எடுப்பாள். அவள் மூச்சு முடிகிற இடத்தில் மற்றவர்கள் ‘ஆ...’ என்று இழுப்பார்கள். எங்கள் அத்தை அந்த வட்டாரத்தில் பேர்போன பாட்டுக்காரி. அன்றைக்கு வெகுநேரம் வரியே எடுக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தாள். வருஷங்கள் கழித்துக் கேட்டேன், நீதானே நன்றாகப் பாடுவாய், ஏன் சும்மா இழுத்துக்கொண்டிருந்தாய் என்று.

“சும்மாவா? அது இல்லன்னா அவளுக்கு அடுத்த வரி எங்கேருந்துடா வரும்? யோசிக்க வேணாமா?”

இப்போது உங்கள் ப்ளூஸின் பன்னிரண்டு பாரைப் பாருங்கள். நான்கு தட்டு ஒரு பார், பன்னிரண்டு பார் ஒரு சுற்று. முதல் நான்கில் ஒரு வரி. அடுத்த நான்கில் பெரும்பாலும் அதே வரி. கடைசி நான்கில்தான் புது வரி, முடிக்கிற வரி. ஒவ்வொரு நான்கிலும் குரல் கிட்டத்தட்டப் பாதி இடத்தைத்தான் எடுக்கும், மீதியில் கிதாரோ ஹார்மோனிகாவோ பதில் சொல்லும். டபிள்யூ.சி. ஹாண்டி என்ற இசையமைப்பாளர் 1903 வாக்கில் மிசிசிப்பியில் டட்வைலர் என்ற ஊர் ரயில் நிலையத்தில் ஒரு கிழிந்த சட்டைக்காரர் கத்தியைக் கிதார் கம்பியில் அழுத்தி வாசித்ததைக் கேட்டிருக்கிறார். அந்த ஆள் ஒரே வரியை மூன்று முறை பாடினார் என்று எழுதி வைத்திருக்கிறார். திரும்பப் பாடுவது அலங்காரம் என்று நினைக்கிறீர்களா? என் கணக்கில் அது யோசிக்கும் நேரம். மூன்றாவது வரி இன்னும் வரவில்லை. அது வரும் வரைக்கும் பாடுகிறவனைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது பின்னால் இருக்கிறவர்கள்.

உங்கள் முழுக் கடிதத்தில் ‘சோலோ’ ஒன்பது முறை வருகிறது. எண்ணினேன். டிரம்ஸ் வாசித்தவர் வரவில்லை. பாஸ் வாசித்தவர் வரவில்லை. அன்றைக்கு யாராவது பாடினார்களா, இல்லையா? அதுகூடத் தெரியவில்லை. கை நடுங்கியபோது உங்களைத் தாங்கியவர்களின் பெயரைக் கேட்டுக்கொண்டீர்களா? பதினைந்து வருடம் கழித்து ஒருவர் வந்து ஏறினால் கூட வாசித்தவர்கள் கொஞ்சம் நிதானமாகத்தான் அடித்திருப்பார்கள். நீங்கள் அதைக் கேட்கவே இல்லை, உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இதையா வேர் என்கிறீர்கள்?

நானும் இப்படி ஒரு ஜாமுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். ஒரு இளைஞன், பிரமாதமான விரல், பதினோரு சுற்று சோலோ வாசித்தான். நூற்று முப்பத்திரண்டு பார். பாடிக்கொண்டிருந்த பெண் நாலாவது சுற்றில் மைக்கைப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள், ஏழாவதில் தரையைப் பார்த்தாள், ஒன்பதாவதில் மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். கண்ணை மூடி வாசிப்பவர்கள் மேல் எனக்கு அன்றிலிருந்து ஒரு சந்தேகம்.

ஆறு மாதம் ரிதம் மட்டும், அதாவது பாடுகிறவரைத் தாங்கும் வாசிப்பு மட்டும், வாசியுங்கள். ஷஃபிள் பழகுங்கள். ஒரு தட்டை மூன்றாகப் பிரித்து நடுவில் இருப்பதை வாசிக்காமல் விடுவதுதான் அது. விடுகிறதுதான் கஷ்டம். பெயர் எழுதிக் கொடுக்கும்போது ‘ரிதம்’ என்று எழுதுங்கள். அடுத்தவர் பாடும்போது சத்தத்தை இறக்கி வாசியுங்கள். அலுக்கும். அலுக்கட்டும்.

பாட்டியிடம் போவீர்கள், தெரியும். போனை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். 1994இல் நான் டேப் ரெக்கார்டரோடு அத்தையிடம் போனேன். “யாருடா செத்துட்டாங்க இப்போ?” என்று விரட்டினாள். விளக்கேற்றும் வீட்டில் சாவில்லாமல் ஒப்பாரி வைக்க மாட்டார்கள், ஆகாது. ரொம்பக் கெஞ்சிய பிறகு அல்சூர் ஏரிக்கரைக்கு வந்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு வரி எடுத்தாள். நிறுத்தினாள். நான் ஒலிநாடா சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதே வரியைத் திரும்ப எடுத்தாள். நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“இழுடா.”

எனக்கு வரவில்லை. கூச்சம், பக்கத்தில் வேர்க்கடலைக்காரர் வேறு. முந்தானையை எடுத்து உதறிவிட்டு எழுந்துகொண்டாள். அந்த நாடா இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரே வரி இரண்டு முறை, அப்புறம் பஸ் ஹாரன்.

கிதார் இருப்பதே போதும். ஆண்டர்சன்பேட்டைக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

அன்புடன்.