மலையேறும் பழைய கார்: இன்ஜின் சூடும் ஹீட்டரும் (கேள்வி பதில்)

அரவங்காடு வாசகர்: ஐயா, என்னுடையது பழைய மாருதி 800. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பர்லியாறு தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. அந்த நேரத்தில் ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்றுதான் வருகிறது. இவை இரண்டு பழுதுகளா?

பதில்: பெரும்பாலும் ஒரே பழுதுதான். ஹீட்டர் என்பது டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறிய ரேடியேட்டர். இன்ஜினைச் சுற்றிவந்து அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்தான் இரண்டு ஹோஸ்கள் வழியாக அதற்குள்ளும் போய்வருகிறது. இன்ஜின் கொதிக்கையில் ஹீட்டர் சில்லென்று இருந்தால், கூலன்ட் குறைந்திருக்க வேண்டும், அல்லது உள்ளே காற்று அடைத்திருக்க வேண்டும், அல்லது வாட்டர் பம்ப் தள்ளாமல் இருக்க வேண்டும். மாறாக, ஹீட்டர் நன்றாகச் சுட்டு, முள்ளும் ஏறினால், ரேடியேட்டர் அடைப்பையும் ஃபேனையும் பாருங்கள்.

இன்ஜின் முழுதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். ரிசர்வ் டப்பாவில் அளவு சரியாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்; மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் டப்பா நிறைந்திருக்க, ரேடியேட்டர் காலியாகவே இருக்கும். காற்றை வெளியேற்ற நம் மலைச்சரிவே உதவும். காரின் முன்பக்கம் மேட்டை நோக்கி இருக்குமாறு நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹீட்டர் லீவரை முழுச் சூட்டில் தள்ளி, மூடி திறந்த நிலையில் இன்ஜினை ஓடவிட்டு, குமிழிகள் வரவர கூலன்ட் ஊற்றுங்கள். குமிழிகள் எவ்வளவு நேரமானாலும் நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகட்டை, சந்தேகிக்க வேண்டும். அது பழுதானால் கூலன்ட் ஆயிலில் கலந்து ஆயில் வெளுக்கலாம். ஆனால் ஆயில் மூடியின் அடியில் பால்போன்ற படலத்தைக் கண்டதும் பதற வேண்டாம். குளிர் மாதங்களில் சிறு தூரமே ஓடும் கார்களில் ஈரம் படிந்து அப்படி ஆவதுண்டு. டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பியில்) உள்ள ஆயிலும் வெளுத்திருந்தால்தான் கவலை.

உதகை வாசகர்: முள் கால் பங்குக்கு மேல் ஏறுவதே இல்லை. ஹீட்டரில் வெதுவெதுப்பு மட்டுமே. சமவெளியில் ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார்.

பதில்: காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த வால்வு ஏறத்தாழ 82 முதல் 88 டிகிரியில் திறந்து, அதுவரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் இன்ஜினைச் சூடாக்குகிறது. கழற்றினால் உதகைக் குளிரில் இன்ஜின் உரிய சூட்டை எட்டாது. பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். சூட்டுக்கு வைத்தியமாக வால்வைக் கழற்றும் பழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. புது வால்வைப் பொருத்தும் முன் பாத்திரத்து நீரில் போட்டுச் சூடாக்கி, அது திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி வாசகர்: குளிர் ஊர்தானே, வெறும் தண்ணீர் போதாதா?

பதில்: போதாது. உயரம் கூடக்கூடக் கொதிநிலை குறையும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம்தான் அதைத் தடுக்கிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்த கார் சமவெளியில் சமாளித்தாலும், இங்கே கொதித்துவிடக்கூடும். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி ஊற்றினால் கொதிநிலை உயரும், துருப்பிடிப்பும் உறைபனிக் கால அபாயமும் குறையும்.

குன்னூர் வாசகர்: ஹீட்டர் போட்டால் கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம், இனிப்பு வாசனை, இடப்பக்கக் கால்மிதியில் ஈரம்.

பதில்: ஹீட்டர் கோர், அதாவது முன்பு சொன்ன அந்தச் சிறிய ரேடியேட்டர், ஒழுகுகிறது. மாற்றும்வரை அதன் இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு ஓட்டலாம். ஹீட்டர் இருக்காது, அவ்வளவுதான்.

மசினகுடி வாசகர்: கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது முள் உயர்ந்தால் என்ன செய்வது?

பதில்: ஏசியை நிறுத்தி, ஹீட்டரையும் அதன் புளோயரையும் முழுவதுமாகப் போடுங்கள், இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு அவ்வழியே வெளியேறும். முதல் கியரில் ஊர்கையில் எதிர்க்காற்று கிடைக்காது, ஃபேனை நம்பியே இன்ஜின் இருக்கிறது. ஆகவே ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்காவிட்டால் ஃப்யூஸ், ரிலே, ஃபேன் சுவிட்ச் என்ற வரிசையில் சோதிக்கலாம். அப்படியும் முள் இறங்காவிட்டால் வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் நிறுத்துங்கள். சூடான இன்ஜின்மீது குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது. ஹெட் விரிசல் விடலாம். சிவப்பில் நின்ற முள் சட்டென்று கீழே விழுந்தால் சூடு தணிந்துவிட்டதாக எண்ணி ஓட்டவே வேண்டாம். கூலன்ட் தீர்ந்து சென்சார் காற்றில் நிற்கும்போதும் முள் அப்படித்தான் விழும்.