பங்கு மண்டபத்தில் நாடகம் போடலாமா?

வணக்கம் ஐயா,

நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு நாடகம் பழகியிருக்கிறோம். ஊர் ஊராகக் கொண்டுபோக ஆசை. பெரிய மண்டபங்கள் எங்கள் கைக்கு எட்டாது. தேவாலய மண்டபங்களைக் கேட்கலாம் என்றால், "மேடையும் சரியில்லை, லைற்றும் சரியில்லை, சைவப் பிள்ளைகளுக்குத் தரவும் மாட்டார்கள்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?
க., சுன்னாகம்

அன்புள்ள க.,

தயங்காமல் கேளுங்கள். குருநகர், பாஷையூர், நாவாந்துறை என்று யாழ்ப்பாணக் கரையோரம் நெடுகத் தென்மோடிக் கூத்து விடியவிடிய நடந்தது தேவாலய வளவுகளில்தான். 1965இல் கத்தோலிக்கக் குரு நீ. மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றமும் இயேசுவின் திருப்பாடுகளின் நாடகங்களோடு நின்றுவிடவில்லை; சமயம் சாராத நாடகங்களையும் மேடையேற்றியது. பிரதியைக் கொண்டுபோய்ப் பங்குத்தந்தையிடம் கொடுத்து, கதையை நீங்களே சொல்லுங்கள். தவக்காலத்திலும் திருவிழாவுக்கு முந்திய நவநாட்களிலும் கேட்பதை மட்டும் தவிருங்கள்.

மண்டபத்தின் குறைகள் உண்மைதான். அந்த மேடைகள் கூட்டத்துக்கும் பரிசளிப்புக்கும் கட்டியவை. ஆழம் போதாது, இரண்டு பேர் குறுக்கே நடந்தால் மூன்றாமவர் பின்திரையோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஐந்து மணிக்கு மேற்கு யன்னலால் வெயில் நேரே சனத்தின் கண்ணில் அடிக்கும். மைக் பிடித்தால் வெறுஞ்சுவரில் பட்டு ஒரு வசனம் இரண்டாகக் கேட்கும்.

ஆகவே மேடையை விட்டுவிடுங்கள். கீழே, நிலத்தில் ஆடுங்கள். மூன்று பக்கமும் கதிரை, முன்னுக்குப் பிள்ளைகளுக்குப் பாய். கடைசி வரிசைகூடக் கிட்டத்தில்தான் இருக்கும், மைக் தேவைப்படாது. நடிகர் மூச்சு வாங்குவது முன்வரிசைக்குக் கேட்க வேண்டும். உயர்ந்த மேடையில் அது கிடைக்காது. பொழுதுபட்ட பிறகே தொடங்குங்கள். பழைய மண்டபமென்றால் பிளக்கைப் பாருங்கள்: 5 அம்பியர் பிளக் ஏறக்குறைய 1150 வாட்தான் தாங்கும். 500 வாட் லைற் இரண்டுக்கு மேல் கொழுவக் கூடாது.

இவ்வளவு சிரமத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. யாழ் நகரத்தில் ஏழு மணிக்கு நாடகம் என்றால், அது முடியும்போது பஸ் இராது. மோட்டார் சைக்கிள் உள்ளவர்கள் வருவார்கள். பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மாரும் வயதுபோனவர்களும் வீட்டில் நிற்பார்கள். பங்கு மண்டபமென்றால் சமைத்துவைத்துவிட்டு நடந்தே வருவார்கள். 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' நாடகம், சனம் தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை, சனம் இருந்த இடத்துக்குப் போனது. உங்கள் நாடகமும் அப்படிப் போக வேண்டும் என்பது என் பெரிய விருப்பம். நகரத்தில் நல்ல மண்டபங்கள் இருப்பது நல்லதே. ஆனால் அவற்றுக்காகக் காத்திருந்து பழகிய நாடகத்தை ஆறவிடாதீர்கள்.

முதலில் ஒருநாள் போய் மண்டபத்தின் நடுவில் நின்று பேசிப் பாருங்கள். ஒருவர் பின்கதவில் நின்று கேட்கட்டும். வெறும் மண்டபத்தில் எதிரொலி கூடத்தான் கேட்கும், சனம் நிறைந்தால் அடங்கிவிடும். ஆட்டத்துக்கான திகதியை ஆவணி, புரட்டாசிக்குள் எடுங்கள். ஐப்பசி மழை சீற் கூரையில் விழத் தொடங்கினால் யார் கத்தினாலும் கேட்காது. எந்த ஊரில் முதல் ஆட்டம் என்று அறிவியுங்கள், வருகிறேன்.